முனைக்கு முனை

தான் பாடிய பாட்டுகளை ஊர் உலகமெல்லாம் கேட்கவேண்டும் என்று மகள் தவித்துக்கொண்டிருந்தாள். அதில் ஐந்தாவது பாட்டை மட்டுமாவது யாரும் கேட்டுத் தொலைக்கக்கூடாது என்று தாய் தவித்துக்கொண்டிருந்தாள். ஒரே அடுப்படியில் ஒருத்தி வெங்காயம் உரிக்க, ஒருத்தி முட்டை வேகவைக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

தாய்க்கு லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பெட்ஷீட்டுகள் துவைத்துப் பிழியப்பட்டு, பெரிய ரோலருக்குள் ஈரமாக நுழைந்து, அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே விழும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் பின்னால் நடக்கவேண்டும். ஒரு உதறு, நீளவாக்கில் ஒரு மடிப்பு, பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து தொங்கும் மடிப்பைப் பிடிப்பாள். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். ஒரு பெட்ஷீட்டுக்கு இரண்டு சந்திப்பு. நாளொன்றுக்கு நானூறு பெட்ஷீட்.

ரோலர் போடும் இரைச்சலில் நாலடி தள்ளி நின்றால் இடி விழுந்தாலும் கேட்காது. முனை சேரும்போதுதான் பேச்சு. பாதியைச் சொல்லிவிட்டுப் பின்னால் போனால் மீதி அடுத்த சந்திப்பில். 'நேத்து என் நாத்தனார் வந்தா' என்று ஆரம்பித்தால், அந்த நாத்தனார் உட்கார்ந்து டீ குடித்துக் கிளம்புவதற்குள் பத்துப் பெட்ஷீட் அடுக்கில் ஏறியிருக்கும்.

பதினோரு வருடமாகத் தாய்க்கு எதிர்முனை பிடிப்பவள் நெட்டை. இவளைக் குட்டையக்கா என்பார்கள். சோடி சேர்த்த சூப்பர்வைசருக்குக் கண் அவிந்துபோயிருந்ததா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. நெட்டை கொஞ்சம் முழங்கையை மடக்கிக்கொண்டாள், குட்டையக்கா கொஞ்சம் எக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு லாண்டரியில் அவர்கள் மடிப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குட்டையக்காவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் வேலை முடியும்வரை அழுக்கு மூட்டைகளின்மேல் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பாதி வாக்கியம், இரண்டு அடி, மூச்சு, மீதி வாக்கியம். வாய் ஓயாது பேசுகிறாள் என்று நெட்டைதான் அவளுக்கு வாயாடி என்று பேர் வைத்தாள். அந்தப் பேரிலேயே அவள் ராப் பாட ஆரம்பித்தாள். ஒன்பது பாட்டு, பதினாலு மாதம், டயர் கடைக்கு மேலே ஒரு ஸ்டுடியோ. இசை போட்ட தாடிக்காரன், "இப்படி நிறுத்தி நிறுத்திப் பாட எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டதற்கு, "பெட்ஷீட்ல" என்றாளாம். ஆல்பத்துக்கு 'முனைக்கு முனை' என்று பேர் வைத்ததும் அதனால்தான்.

அதுவரைக்கும் எல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. ஆல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை காலையில் போனைச் சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்து, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பாவுக்குத் தெருமுனையில் சலூன். முதல் பாட்டு முடிந்ததும் அவர் முகவாயைச் சொறிந்தார்.

"பாட்டுன்னா ஒரு ராகம் வேணாமா? யாரோ யார்கிட்டயோ சண்டை போடற மாதிரி இருக்கு."

"முப்பது வருசமா நீங்க கேக்கறதுதானே" என்றாள் குட்டையக்கா. மகள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

ஐந்தாவது பாட்டு ரோலர் இரைச்சலோடு ஆரம்பித்தது.

*பஸ்ஸு வந்துச்சு, போகட்டும்.*
*இன்னொண்ணு வந்துச்சு, அதுவும் போகட்டும்.*
*வீட்ல எல்லாரும் நல்லவங்கதான்,*
*எல்லாருக்கும் நான் ஒருத்திதான்.*
*பெஞ்சுல ஒரு மணி நேரம்*
*நான் யாருக்கும் யாரும் இல்ல.*

டம்ளரிலிருந்து வருவது மகளின் குரல், ஆனால் பேச்சு நெட்டையின் பேச்சு. போன மழைக்காலத்தில் முப்பது பெட்ஷீட் நீளத்துக்கு நெட்டை சொன்னது அது. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கல்யாணம் ஆகாத கொழுந்தன், சாதுவான புருஷன். யார்மேலும் ஒரு குறை சொல்ல முடியாது. வேலை விட்டதும் பஸ் ஸ்டாப் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வருகிற பஸ்ஸை விட்டுவிடுவாள். அடுத்ததையும் விடுவாள். வீட்டில் கேட்டால் கூட்டம், ஏற முடியவில்லை என்பாள். 'இதை உயிர் போனாலும் யார்கிட்டயும் சொல்லிடாத அக்கா' என்று முப்பதாவது பெட்ஷீட்டில் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே குட்டையக்கா சொல்லிவிட்டாள்.

அப்பா சலூனுக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏண்டி, அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தானேடி உன்கிட்ட சொன்னேன்?"

"பேர் எதுவும் சொல்லலையேம்மா."

"பேர் எதுக்கு? அவ பேசினதை அப்படியே வச்சிருக்க. அவளுக்குத் தெரியாதா அவ பேச்சு?"

"நீ ஏம்மா என்கிட்ட சொன்ன?"

அதற்குக் குட்டையக்காவிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. பாட்டு, ஸ்டுடியோ என்று மகள் வீடு தங்காமல் அலைந்த காலம் அது. 'இன்னைக்கு லாண்டரில என்னம்மா நடந்துச்சு?' என்று கேட்கும்போது மட்டும்தான் பக்கத்தில் வந்து உட்காருவாள். பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கட்டும் என்று, கையில் இருந்த கதையெல்லாம் தீர்ந்த ஒரு நாளில் அடுத்தவள் கதையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இதில் இன்னொரு சிக்கல், நெட்டையின் புருஷன்தான் லாண்டரி வேன் ஓட்டுகிறவர். வேனில் பெட்ஷீட் இல்லாமல் போனாலும் போகும், பாட்டு இல்லாமல் போகாது.

சனி, ஞாயிறு போயிற்று. கேட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று போன் காட்டியது. அதில் பாதி சலூன் கணக்கு. சவரம் செய்ய வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா பாட்டைப் போட்டுவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பிரமாதம்னுதான் சொல்றாங்க" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

"கழுத்துல கத்திய வச்சுக் கேட்டா வேற என்னப்பா சொல்லுவாங்க?" என்றாள் மகள்.

யாரோ ஒருவன் பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தான்: 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, மூச்சே வாங்குது.' இன்னொருவன் கொட்டாவி விடும் பொம்மை போட்டிருந்தான். திங்கட்கிழமை மகள் சாப்பாட்டைத் தொடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே துண்டோடு நின்ற குட்டையக்கா கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில் 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி உட்கார்ந்திருந்தது. பெற்ற பிள்ளை தோற்பதில் நிம்மதி காண்கிற தாய் உலகத்தில் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அந்த நிம்மதி எழுந்து போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது தானாகவே போய்விட்டது. புதுப் பாட்டுகளைப் பற்றி வீடியோவில் பேசும் கண்ணாடிக்காரர் ஒருவர் உண்டு. அவர் வாயில் விழுந்தால் ஒன்று பல்லக்கு, இல்லையென்றால் பாடை என்று தாடிக்காரன் சொல்லியிருந்தான். அவர் பத்து நிமிடம் பேசினார். ஏழு நிமிடம் குறை சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டுப் பாட்டுல இந்தப் பொண்ணு 'என்னைப் பாரு, என்னைப் பாரு'ன்னு பாடுது. ஒண்ணுல மட்டும் தன்னை மறந்துட்டு வேற ஒருத்திக்காகப் பாடுது. அந்த ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சு வரியை இரண்டு தரம் சொன்னார்.

புதன்கிழமைக்குள் அது எங்கும் போய்விட்டது. டீக்கடையில் ஓடியது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் காதிலிருந்து கசிந்தது. எங்கெங்கோ இருக்கிற பெண்கள் தங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் வந்தால் கையசைத்து அனுப்பிவிட்டு அதைப் படமெடுத்துப் போட்டார்கள். மகள் ஒரே நாளில் ஆறு முட்டை தின்றாள். போன் மணி அடிக்கும்போதெல்லாம் குட்டையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வியாழக்கிழமை காலை வேன் பின்னோக்கி வந்து லாண்டரி வாசலில் நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது. வேன்காரர் இறங்கி நேராகக் குட்டையக்காவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நம்ம வாயாடியா இது! லாட்ஜ் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு அழுதுட்டேங்க்கா. பாவம், அது யாரோ ஒரு பொம்பள. அவ புருஷன்னு ஒருத்தன் இருப்பானே, அவனுக்குக் கண்ணு இல்லையா?"

நாலடி தள்ளி நெட்டை நின்றிருந்தாள். கையில் பெட்ஷீட்டின் முனை. அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு நானூறு பெட்ஷீட்டும் பேச்சில்லாமல் மடிந்தன. முனை சேரும்போது நெட்டை முனையைக் கொடுத்தாள், குனிந்தாள், பின்னால் போனாள். வெள்ளி, சனி அப்படியே. எண்ணூறு தடவை நாளொன்றுக்கு ஒரு முகம் கிட்டே வந்து, வாய் திறக்காமல் திரும்பிப் போனால் எப்படி இருக்கும்? ஒரு அறை விட்டாள் என்றால்கூடத் தேவலை என்று குட்டையக்காவுக்கு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் நெட்டை டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மிஷின் பக்கம் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நெட்டை கைப்பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போனாள். பஸ் ஸ்டாப் பக்கம் போகவில்லை. அதைப் பார்த்ததும் இவளுக்குப் பயம் இன்னும் கூடியது. புருஷனுக்குத் தெரிந்துவிட்டது, பிடித்து இழுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"அந்தப் பாட்டை எடுத்துடுடி."

மகள் போனைக் கீழே வைத்தாள். "அம்மா, அதை எடுத்தா மீதி எட்டையும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. பதினாலு மாசம்மா."

"பதினோரு வருசம்டி எனக்கு."

மகள் கீழே வைத்த போனைக் கவிழ்த்தாள். பிறகு, "எடுக்கறேன்" என்றாள். "ஆனா நீயும் நானும் பேசி முடிவு பண்ணா அது மறுபடியும் அவங்களைக் கேக்காம பண்றதுதான். நீ போய் நெட்டை அத்தைகிட்ட கேளு. எடுன்னு அவங்க சொன்னா அந்த நிமிசமே எடுத்துடறேன்."

திங்கட்கிழமை காலை முதல் பெட்ஷீட்டிலேயே குட்டையக்கா ஆரம்பித்தாள். முனை சேர்ந்தது.

"நான்தான் சொன்னேன். அவ மேல தப்பில்ல."

நெட்டை குனிந்தாள், பின்னால் போனாள். அடுத்த சந்திப்பில், "தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

பின்னால். உதறு. முன்னால்.

"வந்த அன்னைக்கே. வெள்ளிக்கிழமை. என் பிள்ளைங்க போன்ல போட்டுக் காட்டுச்சுங்க. நம்ம வாயாடி ஆல்பம்னு முதல் ஆளா உட்காந்து கேட்டேன். வேற யாரு கேக்கப்போறாங்கன்னு காட்டிக்காம இருந்தேன்."

நூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி. குட்டையக்காவின் கை நழுவி முனை தரையில் பட்டது. பதினோரு வருடத்தில் அவள் முனை தரையில் பட்டதில்லை. நெட்டை காத்திருந்தாள். இவள் பொறுக்கியெடுத்தாள்.

"கோவத்துல சுடச்சுட ஷீட்டை உன் மூஞ்சில எறியலாம்னு இருந்துச்சுக்கா."

பின்னால், முன்னால்.

"எறிஞ்சிருக்கலாமே."

"எறிஞ்சா மறுபடி ரோலர்ல விடணும்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு பெட்ஷீட் சும்மா போனது. குட்டையக்கா கேட்டேவிட்டாள். "உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுடுச்சா? அடிச்சாரா?"

"அவரா? ஈ எறும்பைக்கூட அடிக்க மாட்டாரு. அவருக்கு எங்க தெரியுது! அதுதானே கொடுமை."

பின்னால் போனாள். அந்த நாலடியை நடந்து திரும்புவதற்குள் குட்டையக்காவுக்கு யுகம் போனது.

"பாட்டைக் கேட்டு மனசு உருகிடுச்சாம். 'எவளோ ஒருத்தி இப்படிப் பஸ் ஸ்டாப்புல தனியாக் கெடக்கறா, என் பொண்டாட்டியும் தினம் பஸ்ஸு கெடைக்காம அப்படித்தானே நிக்கறா'ன்னு..."

குனிந்தாள். பின்னால். முன்னால்.

"...இனிமே ஒரு நாள்கூட உன்னை நிக்கவிட மாட்டேன்னுட்டாரு. கடைசி லோடை அப்புறம் லாட்ஜுல போட்டுக்கறேன்னு, அஞ்சு மணிக்கெல்லாம் வேன்ல ஏத்தி அஞ்சு இருபதுக்கு வீட்டு வாசல்ல இறக்கிடறாரு. போற வழியெல்லாம் அந்தப் பாட்டு வேற."

குட்டையக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கையில் பெட்ஷீட் இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

"எடுத்துடறேங்கறா. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், பாட்டை எடுத்துடறேன்னு சொல்லிட்டா."

நெட்டை முனையைக் கொடுக்காமல் பிடித்தபடி நின்றாள். பின்னால் ரோலரிலிருந்து அடுத்த பெட்ஷீட் வந்து குவிந்தது.

"பாட்டை எடுத்தா பெஞ்சு திரும்பி வந்துடுமா? அவர் வேனை நிறுத்திடுவாரா? குழந்தை பதினாலு மாசம் கஷ்டப்பட்டிருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும்." முனையைக் கொடுத்தாள். குனிந்து மடிப்பைப் பிடித்து நிமிர்ந்தபோது அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "ஆனா தப்பாப் பாடியிருக்கா. ஒரு மணி நேரமாம். எனக்கு யாரு குடுத்தா ஒரு மணி நேரம்? நாப்பது நிமிசம்க்கா. நாப்பதே நிமிசம்."

அன்றைக்கு மீதிப் பெட்ஷீட்டுகளை மடிக்கிற கை தன்பாட்டில் மடிக்க, குட்டையக்கா வாசலில் நின்ற வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வேன். பின்னால் முழுக்கப் பெட்ஷீட் அடுக்கு. முன்னால் ஓட்டுகிறவருக்கு ஒரு சீட், பக்கத்தில் ஒரே ஒரு சீட். நெட்டையின் வீடு பஸ் ஸ்டாப் தாண்டி வடக்கே. லாட்ஜுகள் தெற்கே. லாட்ஜுக்குப் போகிற வழியில்தான் சலூன், சலூனுக்கு நாலு வீடு தள்ளிக் குட்டையக்காவின் வீடு.

ஐந்து மணிக்கு வேன்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பெண்டாட்டிக்காக நின்றார். நெட்டை வருவதற்கு முன்னால் குட்டையக்கா நொண்டிக்கொண்டே போய், கம்பியைப் பிடித்து ஏறி, அந்த ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"மூட்டு வலி தம்பி. உயிர் போகுது. பஸ்ல ஏற முடியல. போற வழிதானே, என்னை வீட்ல விட்டுடு."

"மூட்டு வலியா? சொல்லவே இல்லையே நீங்க!" அவர் பதறிப் போனார். நல்ல மனுஷன். அப்புறம்தான் பின்னால் வந்து நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அப்போ இவ...?"

"அவ சின்னவ, பஸ்ல போவா. கால் நல்லா இருக்கறவளுக்கு என்ன கேடு? தினமும் நீ சுத்தி வந்து லாட்ஜுக்கு லேட்டாகி, சூப்பர்வைசர் கத்தறாராமே. எனக்குச் சரியாகற வரைக்கும் என்னைக் கொண்டு விடு."

வேன்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். "நீ சமாளிச்சுக்குவியா?"

நெட்டை குட்டையக்காவைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்தக் கால் எப்படி நடந்தது என்று அவளுக்குத் தெரியாதா? நானூறு பெட்ஷீட், எண்ணூறு தடவை முன்னும் பின்னும் நடந்த கால்.

"என்ன பண்றது, கூட்டமா இருந்தா கொஞ்சம் லேட்டாகும்" என்றாள்.

வேன் கிளம்பியது. வேன்காரர் வழக்கம்போலப் பாட்டைப் போட்டார், ஐந்தாவதையே போட்டார், வரிக்கு வரி விளக்கமும் சொன்னார். இனிமேல் தினமும் இதைக் கேட்டாக வேண்டும் என்று குட்டையக்காவுக்குத் தெரிந்தது. கேட்கட்டும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவளுக்குக் காதில்தானே தண்டனை. தெற்கே திரும்பும் இடத்தில் பக்கக் கண்ணாடியில் பஸ் ஸ்டாப் தெரிந்தது. நெட்டை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து நின்று அவளை மறைத்தது. அது போனபிறகும் அவள் அங்கேதான் இருந்தாள்.

மறுநாள் காலை ரோலர் ஓட ஆரம்பித்தது. முதல் இருபது பெட்ஷீட் பேச்சில்லை. இருபத்தொன்றாவதில் முனைகள் சேர்ந்தன.

"மூட்டு வலி எப்படிக்கா இருக்கு?"

பின்னால் போனார்கள். உதறினார்கள். முன்னால் வந்தார்கள்.

"இது சீக்கிரம் சரியாகற வலி இல்லடி" என்றாள் குட்டையக்கா. "வருசக்கணக்கா இருக்கும் போலிருக்கு."